மாட்டுத் தோலில் ஒரு நீதிபதி

நான் தோலில் படம் செய்கிறவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் படங்களை வேறு ஒருத்தி செய்ததாக மயிலாப்பூரில் சில பேர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒருத்தி ஒரு பெரிய வக்கீலின் மனைவி. அவள் எனக்குச் செய்ததையும் நான் அவளுக்குத் திருப்பிச் செய்ததையும் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை எழுத வரும்.

பென்ஷன் வாங்கும் வரை சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸாக இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பென்ஷன் வந்த சமயம் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. சாந்தோமில் மாதா கோயிலுக்குப் பின்புறத் தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தேன். காலையில் பூசை, அப்புறம் கஞ்சி, அப்புறம் ஒன்றும் இல்லை. எங்கள் கோயில் பெண்கள் பீடத்துணிக்குப் பூத்தையல் போடக் கூப்பிட்டார்கள். வாழ்நாள் முழுக்க மனிதர்களைத் தைத்துவிட்டு வந்தவளுக்குத் துணியில் ரோஜாப்பூ போடப் பொறுமை இல்லை.

ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போன என் பழைய தோல் பையின் மூடி ஒருநாள் மழையில் நனைந்து பிய்ந்து விழுந்தது. எறியப் போனவள், என்னவோ தோன்றி, அதன் பின்பக்கத்தைக் கரண்டிக் காம்பால் அழுத்திப் பார்த்தேன். முன்பக்கம் புடைத்துக்கொண்டு வந்தது. இரண்டு கண் வைத்தேன், ஒரு மூக்கு வைத்தேன். மறுநாள் காய்ந்த பிறகும் அந்த மூஞ்சி அப்படியே நின்றது. ஒரு குரங்கு மாதிரி இருந்தது. ஆனால் நின்றது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் இது.

சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றேன். பெரியமேட்டில் ஒரு தோல் மண்டிக்காரர் வீட்டில் நான் பிரசவம் பார்த்திருந்தேன். அவர்கள் வீட்டிலிருந்து கழிவுத் துண்டுகளை மூட்டையாக அனுப்புவார்கள். நல்ல தோலெல்லாம் சிப்பாய்களின் பூட்ஸுக்குப் போயிற்று. எனக்கு வந்தது கழுத்துத் தோல், வயிற்றுத் தோல், உண்ணி கடித்த தழும்போடு இருப்பது. எல்லாம் ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்தியது. ஆஸ்பத்திரி வளைந்த ஊசி, புண்ணின் ஆழம் பார்க்கும் கம்பி, ஈயக் கரண்டி, பழைய தாழ்ப்பாள், இவைதான் என் ஆயுதங்கள். தண்ணீர் அதிகமானால் தோல் கொழகொழத்தது. வெயில் அதிகமானால் அப்பளமாகச் சுருண்டது. ஐப்பசி மழையில் ஒரு மாதா படத்துக்குப் பூஞ்சை பிடித்துத் தாடி முளைத்தது. அதை யாருக்கும் காட்டாமல் அடுப்பில் போட்டேன். தெருநாய் ஒன்று புனித சவேரியாரின் காலைத் தின்றுவிட்டது.

நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வருகிறவள் என் வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

"இன்னா நர்ஸம்மா, நாறிப்போன கெளுத்தியைத் தூக்கிக்கினு திரியறவ நானு. எனுக்கே கொமட்டுது. உள்ள மாட்டை உரிச்சுக்கினு கீறியா?"

"உன்னைத்தான் உரிச்சுக்கிட்டு இருக்கேன். வந்து பாரு."

உண்மையில் அவளைத்தான் செய்துகொண்டிருந்தேன். கட்டுமரம் கரையேறுகிற நேரம், மீன் வாங்க முழங்கால் தண்ணீரில் இறங்கி நிற்கிற பெண்கள், முன்னால் இவள், இடுப்பில் கூடை, வாய் திறந்து யாரையோ திட்டிக்கொண்டு. அந்த ஒரு படத்துக்கு ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போயின. அலையைத் தோலில் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவளுக்குத்தான் தெரியும். முடித்ததும் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"தோ இது நானா? மூக்கு இன்னா இப்டி கீது?"

"உன் மூக்கு அப்படித்தான் இருக்கு."

"எம் புருசன் பார்த்தா படத்தையும் அடிப்பான்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள். ஆனால் மறுநாள் தன் தங்கச்சியை அழைத்துவந்து காட்டினாள்.

இந்தச் சமயத்தில்தான் வக்கீல் மனைவி வந்தாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் என் கையில் பிறந்தவை. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலியானபோது குடும்பத்தோடு கோயம்புத்தூருக்கு ஓடிப்போய், பயம் தெளிந்து திரும்பியிருந்தாள். மாமியாருக்குச் சர்க்கரை வியாதி, வாரத்துக்கு ஒருநாள் வந்து காலைப் பார்த்துப் புண்ணுக்குக் கட்டுப்போட முடியுமா என்று கேட்க வந்தவள், சுவரில் சாத்தியிருந்த கட்டுமரப் படத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"நர்ஸம்மா! இதை நீங்களா பண்ணினேள்? கல்கத்தாவுல இப்படித்தான் தோல்ல பண்றா. நான் கூட ஒரு பெங்காலி மாமிகிட்ட பர்ஸ் பண்ணக் கத்துண்டேன்."

"இது பர்ஸ் இல்லம்மா."

"அதான் சொல்றேன். எங்க மாதர் சங்கத்துல கண்காட்சி வெச்சிருக்கோம். நான் எடுத்துண்டு போறேன். நாலு பேர் பாக்கட்டுமே."

நானே துணியில் சுற்றி அவள் கார் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். கார்க் கதவையும் நானே சாத்தினேன்.

கண்காட்சி மயிலாப்பூரில் ஒரு சபா ஹாலில் நடந்தது. எனக்கு அழைப்பு வரவில்லை. மறந்திருப்பாள் என்று நினைத்து நானாகவே வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு போனேன். ஊறுகாய், பாய், பொம்மை, எம்பிராய்டரி எல்லாவற்றையும் தாண்டி நடு மேஜையில் என் கட்டுமரம் நின்றது. அதன் கீழே ஒரு அட்டை. அட்டையில் வக்கீல் மனைவியின் பெயர். ஒரு வெள்ளைக்காரத் துரைசானி வந்து இங்கிலீஷில் பேசி, அவள் கையில் ஒரு வெள்ளிக் கப்பைக் கொடுத்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு முன்னால் நின்றவள் திரும்பி, "எவ்வளவு நன்னா பண்ணியிருக்கா பாருங்கோ, அந்த மீன்காரி மூஞ்சில என்ன திமிர்!" என்று என்னிடமே சொன்னாள்.

கூட்டம் கலைகிறபோது வக்கீல் மனைவி என்னைப் பார்த்துவிட்டாள். பயப்படவில்லை. பக்கத்தில் இருந்தவர்களிடம் என்னைக் காட்டி, "இவாதான் தோலெல்லாம் நறுக்கிக் குடுத்து எனக்கு ரொம்ப ஒத்தாசை பண்ணினா" என்றாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. வார்டில் டாக்டர்களையே அதட்டியவள் நான். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. வெளியே கார் பக்கம் வந்த பிறகுதான் வந்தது.

"ஏம்மா, என் படத்துக்குக் கீழ உங்க பேர் எப்படி வந்துச்சு?"

"அட, எல்லாம் ஒண்ணுதானே நர்ஸம்மா. உங்க பேரைப் போட்டா யார் நின்னு பாப்பா, சொல்லுங்கோ? மேஜைக்கே வந்திருக்காது. என்னாலதான் அதுக்கு ஒரு மரியாதை."

கார் போய்விட்டது. லஸ் முனை வரைக்கும் நடந்து வந்து டிராம் ஏறினேன். டிராமில் உட்கார்ந்து ஒரு முடிவு செய்தேன். அதே ஹாலில், அதே பெண்களுக்கு முன்னால், இங்கிலீஷில் இல்லை, தமிழில், தன் வாயாலேயே அவள் சொல்ல வேண்டும், இது நர்ஸ் செய்தது என்று. கப் எனக்கு வேண்டாம். மன்னிப்பு வேண்டாம். அந்த ஒரு வாக்கியம் வேண்டும். அது வருகிற வரைக்கும் அவளை விடக்கூடாது.

மாமியாருக்குக் கட்டுப்போடப் போவதை நிறுத்தினேன். வேறு ஒரு நர்ஸை ஏற்பாடு செய்தேன். ஆனால் வக்கீல் மனைவி என்னை விடவில்லை. கப் வாங்கியவளுக்கு அடுத்த படம் வேண்டுமே. சங்கத்தில் எல்லாரும் அடுத்து என்ன, அடுத்து என்ன என்று கேட்டிருக்கிறார்கள். இவளும் வாயை விட்டிருக்கிறாள், காலமான மாமனாரைத் தோலில் செய்யப்போகிறேன், நவராத்திரிக்கு ஆத்துக்கு வாங்கோ, கொலுவோடு அதையும் பார்க்கலாம் என்று. அந்த மாமனார் நீதிபதியாக இருந்தவர். ஒரு போட்டோவோடு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"நீங்கதான் கை குடுக்கணும் நர்ஸம்மா. பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்கோ."

"வெச்சுக்கலம்மா. செஞ்சு தரேன்" என்றேன்.

என் குரல் எனக்கே பிடித்திருந்தது. ஊசி போடுவதற்கு முன்னால் குழந்தைகளிடம் பேசுகிற குரல் அது.

தோலைப் பற்றி ஒரு விஷயம் இங்கே சொல்ல வேண்டும். ஆவாரம்பட்டை போட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துகொண்டே போகும். மாதக் கணக்கில் பட்டால் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். கடுக்காய்த் தண்ணீர் பூசினால் அவ்வளவு சிவக்காது. ஈறு வீக்கத்துக்கு வாய் கொப்பளிக்க வைத்திருந்த கடுக்காய்த் தண்ணீர் டம்ளரை ஒரு தோல் துண்டின்மேல் வைத்துவிட்டு மறந்திருந்தேன். ஜன்னலோரம் கிடந்த அந்தத் துண்டு முழுக்கச் சிவந்தது, டம்ளர் ஒழுகிய வட்டம் மட்டும் வெளுப்பாகவே நின்றது. அப்படித்தான் இது எனக்குத் தெரிந்தது.

ஆகவே நீதிபதியைக் கடுக்காய் போடாத தோலில் செய்தேன். நன்றாகவே செய்தேன். வேலையில் பழிவாங்க எனக்குத் தெரியாது. தலைப்பாகை மடிப்பு, நெற்றி நாமம், தடித்த கீழ் உதடு, எல்லாம் போட்டோவில் இருப்பதைவிட உயிரோடு வந்தன. கடைசியில் ஒரு கோழி இறகைக் கடுக்காய்த் தண்ணீரில் தோய்த்து, அவர் கோட்டின் மார்பில், இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள் வரைக்கும் என் பெயரை எழுதினேன். திருடி என்று அவளை எழுதத்தான் முதலில் நினைத்தேன். அப்புறம் என் பெயரே அவளுக்கு அதைவிட மோசமாக வலிக்கும் என்று தோன்றியது. எழுதி முடித்து, முழுத் தோலையும் பச்சைத் தண்ணீரில் துடைத்து நிழலில் காயவைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. சித்திரையில் கொடுத்தேன். அவர்கள் வீட்டுக் கூடத்தில் பெரிய ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் எனக்குத் தெரியும். அங்கேதான் மாட்டப்போவதாகச் சொன்னாள். நவராத்திரிக்குள் நீதிபதியின் மார்பில் என் பெயர் வந்து நிற்கும். சங்கத்துப் பெண்கள் எல்லாரும் பட்டுப் புடவையோடு வந்து, சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் படிப்பார்கள். அந்தக் கோடை முழுக்க வெயிலைத் திட்டாதவள் சென்னையில் நான் ஒருத்திதான்.

நவராத்திரிக்கு அழைப்பு இல்லாமலே போனேன். கூடம் நிறையப் பெண்கள். ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். கொலுப்படி ஜொலித்தது. எதிர்ச் சுவரைப் பார்த்தேன். சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது.

படம் இல்லை.

என்னைப் பார்த்ததும் வக்கீல் மனைவியின் முகம் சுருங்கியது. யாரோ என் கையில் சுண்டல் தொன்னையைக் கொடுத்தார்கள். அந்த நேரம் உள்ளேயிருந்து அவள் மாமியார் என்னைப் பார்த்துவிட்டு, மெதுவாகக் காலை இழுத்துக்கொண்டு வந்தார். என்னிடம் எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவர்.

"வாங்கோ நர்ஸம்மா. ஏன் வரதையே விட்டுட்டேள்? இந்தப் புது நர்ஸு கட்டை இறுக்கிக் கட்டறா. வாங்கோ, ஒண்ணு காட்டணும். மாட்டுப்பொண்ணு அவரைப் பண்ணியிருக்கா, பாத்தேளோ?"

பூஜை அறை வாசல் வரைக்கும் அழைத்துப் போனார். "நீங்க இங்கேயே நின்னுக்கோங்கோ" என்று நிலைப்படிக்கு வெளியே என்னை நிறுத்தினார். உள்ளே ஜன்னல் இல்லை. இரண்டு குத்துவிளக்கு. சாமி படங்களுக்கு எதிர்ச் சுவரில் என் நீதிபதி. சந்தனம், குங்குமம், துளசி மாலை.

"மொதல்ல தோல்னதும் நான் ஒத்துக்கவே இல்லை. கூடத்துல மாட்டக்கூடாதுன்னுட்டேன். அப்பறம்தான் சொன்னா, இது மான் தோலாமே. அவர் ஜபம் பண்றச்சே மான் தோல்லதான் உக்காருவார். இப்போ அதுலயே வந்து உக்காந்துண்டுட்டார்."

அந்த அம்மாள் கையைக் கூப்பிக் கும்பிட்டார். எனக்குப் பின்னால் வந்து நின்ற வக்கீல் மனைவியின் மூச்சு என் கழுத்தில் பட்டது. பெரியமேட்டு மாட்டின் கழுத்துத் தோல், உண்ணித் தழும்பை நான் தலைப்பாகை மடிப்பில் மறைத்தது, அங்கே சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு சுண்டல் என் தொண்டையில் சிக்கியது. இருமினேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியாது. என் பெயர் வெளியே வரப்போவதில்லை, அது நிச்சயம். அந்த இருட்டில் தோல் நூறு வருஷம் ஆனாலும் சிவக்காது. ஆனால் அதைவிடப் பெரிய ஒன்றை அவளே என் கையில் கொடுத்துவிட்டாள்.

கொல்லையில் கிணற்றடிக்குக் கை கழுவப் போனேன். அவள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"நர்ஸம்மா, ஒண்ணும் சொல்லிடாதீங்கோ. நான் வேற என்ன பண்றது? மாட்டுத் தோல்னா என்னை ஆத்துக்குள்ளயே விடமாட்டா."

"அது உன் பாடு."

உன் என்று நான் ஒருமையில் சொன்னதும் அவள் ஒரு அடி பின்னால் போனாள்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"சங்கத்துக் கூட்டத்துல எழுந்திரிச்சு நின்னு சொல்லு. கட்டுமரம் நர்ஸ் செஞ்சது, நான் செய்யலன்னு. தமிழ்ல சொல்லு."

"என் மானம் போயிடும்."

"போகட்டும். என்னுது போச்சே, நீ கார்ல ஏறிக்கிட்டு இருந்தியே அப்போ."

"உங்க கையைப் பிடிச்சுண்டு கேக்கறேன். என் ரெண்டு குழந்தைகளையும் நீங்கதான் எடுத்தேள்."

"ஆமா. அதுக்கும் உன் பேரைப் போட்டுக்க" என்றேன்.

அழுதாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் அவள் மாமியார் எனக்கு வெற்றிலை பாக்கு கொடுக்கச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். வாங்கிக்கொண்டேன்.

தீபாவளி கழிந்து சங்கக் கூட்டம் வந்தது. அதே ஹால். கப்பும் கட்டுமரமும் மேடையில் இருந்தன. அவள் எழுந்தாள். இந்த ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், அவள் நன்றாகப் பேசினாள். சுற்றி வளைக்கவில்லை. "இந்தப் படத்தை நான் பண்ணலை. அதோ பின்னால உக்காந்திருக்காளே நர்ஸம்மா, அவாதான் பண்ணினா. என் பேர்ல வெச்சது தப்பு. இந்தக் கப் அவாளுக்குச் சேர வேண்டியது." நான் கேட்ட வாக்கியம் அதுதான். எழுத்துக்கு எழுத்து அதுதான். டிராமில் உட்கார்ந்த நாளிலிருந்து அதற்காகத்தான் காத்திருந்தேன். என் உடம்பு லேசானது.

அந்த லேசு கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. ஹால் முழுக்கக் கை தட்டினார்கள். எனக்காக இல்லை. சங்கத் தலைவி எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"பாத்தேளா, என்ன மனசு இவளுக்கு! தான் ஜெயிச்ச கப்பை ஒரு நர்ஸுக்குத் தூக்கிக் குடுக்கறா. யாருக்கு வரும் இந்தப் பெருந்தன்மை!"

பக்கத்தில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னொருத்தி, "அந்தம்மா கொஞ்சம் கை வெச்சிருப்பா, இவ பாவம், முழுசையும் விட்டுக் குடுத்துட்டா" என்று குசுகுசுத்தாள். கட்டுமரத்தை ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவளும் அதைப் புரிந்துகொண்டாள். பயத்தோடு எழுந்தவளின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. மேடையிலிருந்து என்னைப் பார்த்து, வாங்கோ வாங்கோ என்று கப்பை நீட்டிச் சிரித்தாள். திருடினபோதும் கப் அவளுக்கு, திருப்பிக் கொடுத்தபோதும் கைதட்டல் அவளுக்கு.

மேடைக்குப் போனேன். கப்பை வாங்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன். நாக்கு இந்தத் தடவை ஒட்டிக்கொள்ளவில்லை.

"இந்தம்மா பெரிய மனசு பண்ணிச் சொல்லல. நான் மிரட்டினேன். அதனால சொன்னாங்க."

கைதட்டல் நின்றது. தலைவி, "என்னம்மா இது, என்ன மிரட்டினேள்?" என்றாள்.

"நர்ஸம்மா, வேண்டாம்" என்று வக்கீல் மனைவி என் முழங்கையைப் பிடித்தாள்.

"இவங்க மாமனார் படம் இவங்க வீட்டுப் பூஜை அறையில மாட்டியிருக்கு. மான் தோல்னு மாமியார்கிட்ட சொல்லியிருக்காங்க. அது மாட்டுத் தோல். பெரியமேட்டு மாட்டுத் தோல். அதைச் சொல்லிடுவேன்னு மிரட்டினேன். அதையும் நான்தான் செஞ்சேன். அதுவும் இவங்க பண்ணலை."

பின்வரிசையில் யாரோ ஒருத்தி அடக்க முடியாமல் சிரித்தாள். வக்கீல் மனைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் கட்டுமரத்தைச் சுவரோடு சாத்தியிருந்த பலகையிலிருந்து கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன். கூட்டம் வழி விட்டது. டிராமில் கண்டக்டர், "பெரிய சாமான், ஏத்தக்கூடாதும்மா" என்றான். "இது சாமான் இல்ல" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான்.

அதற்கு அப்புறம் நடந்ததை எனக்கு அவர்கள் வீட்டில் வேலை செய்த புது நர்ஸ் சொன்னாள். அன்று சாயங்காலமே செய்தி மாமியார் காதுக்குப் போய்விட்டது. சாஸ்திரிகள் வந்து வீடு முழுக்கத் தீட்டுக் கழியப் புண்யாகவாசனம் செய்தார். வக்கீல் மனைவி கும்பகோணத்தில் பிறந்த வீட்டுக்குப் போய்த் தை மாதம்தான் திரும்பினாள். படத்தைக் கொல்லையில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் எறிந்துவிட்டார்களாம். நல்ல வெயில் விழுகிற இடம் அது. அந்த மாமியார் இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தார் என்று கேட்டபோது எனக்கும் சோறு இறங்கவில்லை. சர்க்கரைக்காரி பட்டினி கிடக்கக்கூடாது. அந்தப் பாவத்தையும் மான் தோல் என்றவள் கணக்கில்தான் எழுதுகிறேன்.

எனக்கும் நஷ்டம் இல்லாமல் இல்லை. மயிலாப்பூர் டாக்டர்கள், வீட்டோடு கிடக்கும் நோயாளிகளைப் பார்க்க என்னைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். வீட்டுக்குள் நடப்பதைச் சபையில் சொல்கிற நர்ஸ் யாருக்கு வேண்டும்? வக்கீல் தன் குமாஸ்தாவை அனுப்பி, மான நஷ்ட வழக்குப் போடுவேன் என்றார். "போடச் சொல்லுப்பா. தோலைக் கோர்ட்டுல காட்டுவோம். எந்த மாடுன்னு ஜட்ஜே பாக்கட்டும்" என்றேன். வழக்கு வரவில்லை. வழியில் வக்கீல் மனைவியை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தடவை கபாலி கோயில் குளத்தோரம், ஒரு தடவை தியாகராய நகரில் ஜவுளிக்கடை வாசலில். இரண்டு தடவையும் அவள்தான் எதிர்ப் பக்கம் போனாள். நான் நடந்த பக்கத்திலேயே நடந்தேன்.

கதை எங்கள் கோயில் வரைக்கும் வந்துவிட்டது. பங்குச் சாமியார் நல்லவர். தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபம், பொய், வெள்ளிக்கிழமை என்பதை மறந்துபோய்க் கறிக்குழம்பு சாப்பிட்டது எல்லாம் சொன்னேன்.

"இன்னொண்ணு இருக்கே" என்றார் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"அது பாவம் இல்ல சாமி."

"அந்தம்மாவை மன்னிச்சாச்சா?"

"இல்ல சாமி."

அந்தக் கோபம் போக ஜெபம் பண்ணு என்று சொல்லி அனுப்பினார். பண்ணுகிறேன். போகவில்லை. அதற்கு நான் என்ன செய்வது?

யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள் அவரே என் வீட்டுக்கு வந்தார். பீடத்தில் வைக்கிற பூசைப் புத்தகத்தின் அட்டை கிழிந்து போயிற்று, தோலில் புதிதாகப் போட்டுத் தர முடியுமா என்றார். மேலே பாஸ்காச் செம்மறி, அதாவது சிலுவைக் கொடி பிடித்த ஆட்டுக்குட்டி, வேண்டும் என்றார். எனக்குக் கை பரபரத்தது. தோலை எடுத்துக் காட்டினேன். முன்பக்கம் செம்மறி, பின்பக்கம் திராட்சைக் கொடி, கீழே ஓரத்தில் என் பெயர் என்று விரலால் வரைந்து காட்டினேன்.

சாமியார் தயங்கினார். "கோயில் காரியத்துக்குப் பேர் எதுக்கும்மா? ஆண்டவருக்குத் தெரியும் யார் செஞ்சதுன்னு."

"ஆண்டவருக்குத் தெரியும் சாமி. கட்டுமரத்தை யார் செஞ்சதுன்னும் அவருக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு. ஹால்ல வந்து அவர் ஒண்ணும் சொல்லல."

"இது தற்பெருமை."

"அப்படியே இருக்கட்டும். பேர் இல்லாட்டி அட்டை இல்ல சாமி."

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் தோலைச் சுருட்டி மூலையில் வைத்தேன். அந்த ஞாயிறு பூசையில் கிழிந்த புத்தகத்தைத்தான் அவர் புரட்டினார். ஒரு தாள் காற்றில் நழுவிக் கீழே விழுந்தது. நான் எழுந்து போய் எடுத்துக் கொடுக்கவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் அப்படியே போயிற்று. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் ஒருநாள் என் வாசலில் வந்து நின்றார்.

"சாமியார் அட்டையைப் போடச் சொன்னாரும்மா. பேரும் போட்டுக்கலாமாம். ஆனா, சின்னதா, உள்பக்கமா."

"சரின்னு சொல்லுங்க" என்று அவரை அனுப்பிவிட்டுத் தோலைத் தண்ணீரில் நனைத்தேன். செம்மறி நன்றாக வந்தது. பெயரைச் சின்னதாகவும் போடவில்லை, உள்பக்கமும் போடவில்லை.